பாஸிவ் வாய்ஸுக்கு 8 ஃபார்முலா எதற்கு? ஒன்று போதும்

கேள்வி இதுதான்: ஆக்டிவ் வாய்ஸில் இருக்கும் ஆங்கில வாக்கியத்தை பாஸிவ் வாய்ஸுக்கு மாற்ற ஒவ்வொரு டென்ஸுக்கும் ஒரு ஃபார்முலா சொல்லித் தருகிறார்கள், எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தாலும் தேர்வில் உட்கார்ந்ததும் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது, இதற்குச் சுருக்கமான வழி உண்டா, எந்த வாக்கியங்களை மாற்றவே முடியாது?

உண்டு. நானும் அந்த அட்டவணையை ஒப்பித்து, மறந்து, திரும்ப ஒப்பித்தவன்தான். அட்டவணையில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அது விடைகளின் பட்டியல், விடைக்குப் போகும் வழி அதில் இல்லை. வழி தெரிந்துவிட்டால் அட்டவணையை நீங்களே ரெண்டு நிமிடத்தில் எழுதிவிடலாம். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இந்த விஷயம் கண்ணைவிடக் காது வழியாகத்தான் சீக்கிரம் உள்ளே போகும்.

முதலில் நம் மொழியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். "புலி மானைத் தின்றது" என்பது செய்வினை. "மான் புலியால் தின்னப்பட்டது" என்பது செயப்பாட்டுவினை. மானிடம் இருந்த 'ஐ' போய்விட்டது, புலிக்கு 'ஆல்' வந்துவிட்டது, 'தின்' என்ற வினையோடு 'படு' ஒட்டிக்கொண்டது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கவனிக்க வேண்டியது அடுத்தது: தின்னப்படுகிறது, தின்னப்பட்டது, தின்னப்படும். மூன்றிலும் 'தின்னப்' அப்படியே கிடக்கிறது, காலம் காட்டும் வேலை முழுவதையும் 'படு' எடுத்துக்கொண்டுவிட்டது. ஆங்கிலத்திலும் இதேதான். நம் 'படு' இருக்கும் இடத்தில் அவர்களுக்கு 'பி' என்ற வினை, அதாவது இஸ், ஆம், ஆர், வாஸ், வேர், பீயிங், பீன் என்று வேஷம் மாற்றிக்கொண்டே இருக்கும் அந்த வினை. நம் 'தின்னப்' இருக்கும் இடத்தில் அவர்களுக்கு வினையின் மூன்றாம் வடிவம், 'ஈட்டன்'.

இன்னொரு சுவாரசியம். 'படு' என்றால் அனுபவி, வேதனைப்படு என்று பொருள். 'பாஸிவ்' என்ற சொல்லும் லத்தீனில் 'துன்பப்படு, பொறுத்துக்கொள்' என்று பொருள்படும் வினையிலிருந்து வந்ததுதான், நோயாளியைக் குறிக்கும் 'பேஷன்ட்' என்ற சொல்லும் அதே வேர். ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன: செயலைச் செய்பவன் ஒருவன், அதைப் படுபவன் இன்னொருவன். பாஸிவ் வாய்ஸ் என்பது படுபவனை எழுவாய் நாற்காலியில் உட்கார வைப்பது, அவ்வளவுதான். (இதைத் தன்வினை, பிறவினையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். திருந்தினான், திருத்தினான் என்பது வேறு சமாச்சாரம்.)

இப்போது அந்த ஒரே ஃபார்முலா. ஆக்டிவ் வாக்கியத்தில் முக்கிய வினை எந்த வடிவத்தில் நிற்கிறதோ, அதே வடிவத்தில் 'பி'யை அந்த இடத்தில் நிறுத்துங்கள். பிறகு அந்த முக்கிய வினையை மூன்றாம் வடிவமாக்கி 'பி'க்குப் பின்னால் வையுங்கள். வேறொன்றும் இல்லை.

செய்து பார்க்கலாம். "தி டைகர் ஈட்ஸ் தி டீர்." 'ஈட்ஸ்' நிகழ்கால வடிவம், 'பி'யின் நிகழ்கால வடிவம் 'இஸ்', ஆக "தி டீர் இஸ் ஈட்டன் பை தி டைகர்". அடுத்து "தி டைகர் ஏட் தி டீர்". 'ஏட்' இறந்தகாலம், 'பி'யின் இறந்தகாலம் 'வாஸ்', ஆக "வாஸ் ஈட்டன்". "வில் ஈட்" என்றால் 'வில்'லுக்குப் பின்னால் 'ஈட்' வெறும் வடிவத்தில் நிற்கிறது, எனவே வெறும் 'பி': "வில் பி ஈட்டன்". "இஸ் ஈட்டிங்" என்றால் 'ஈட்' இங்கே 'இங்' போட்டுக்கொண்டிருக்கிறது, எனவே 'பி'யும் 'இங்' போட்டுக்கொள்ள வேண்டும்: "இஸ் பீயிங் ஈட்டன்". "ஹாஸ் ஈட்டன்" என்றால் 'ஈட்' மூன்றாம் வடிவத்தில் இருக்கிறது, 'பி'யின் மூன்றாம் வடிவம் 'பீன்': "ஹாஸ் பீன் ஈட்டன்". 'ஹாட்' வந்தாலும், 'வில் ஹாவ்' வந்தாலும் இதே கதைதான்: "ஹாட் பீன் ஈட்டன்", "வில் ஹாவ் பீன் ஈட்டன்". முன்னால் நிற்கும் துணைவினைகளை நாம் தொடுவதே இல்லை, எழுவாய் ஒருமை பன்மைக்கு ஏற்ப இஸ் ஆராகவும் ஹாஸ் ஹாவாகவும் மாறுவதைத் தவிர. இப்போது 'கேன்', 'மே', 'மஸ்ட்', 'ஷுட்' எல்லாவற்றுக்கும் தனித்தனி ஃபார்முலா கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். "கேன் ஈட்" என்றால் "கேன் பி ஈட்டன்", "ஷுட் ஹாவ் ஈட்டன்" என்றால் "ஷுட் ஹாவ் பீன் ஈட்டன்".

மாணவர்கள் அதிகம் சறுக்குவது 'பீயிங்'கிலும் 'பீன்'னிலும்தான். "இஸ் ஈட்டிங்" என்பதை "இஸ் ஈட்டன்" என்று எழுதிவிட்டு, அதிலேயும் 'இஸ்' இருக்கிறதே, மூன்றாம் வடிவமும் இருக்கிறதே என்பார்கள். அந்த 'இஸ்' கன்டினியூவஸ் டென்ஸின் சொத்து, பாஸிவுக்கான 'பி' இன்னும் வரவே இல்லை. அது வந்தாக வேண்டும், 'இங்' போட்டுக்கொண்டு வர வேண்டும். இந்த "இஸ் பீயிங்" ஆங்கிலேயர்களுக்கே ஒரு காலத்தில் பிடிக்கவில்லை என்பது உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இந்த வடிவம் எழுத்தில் தலைகாட்டுகிறது. அதற்கு முன்பு, வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதை "தி ஹவுஸ் இஸ் பில்டிங்" என்றே எழுதினார்கள். 19ஆம் நூற்றாண்டு முழுக்க "இஸ் பீயிங் பில்ட்" அசிங்கமான புதுப் பழக்கம் என்று திட்டிய இலக்கணக்காரர்கள் இருந்தார்கள். இன்று அது சரி, பழையதுதான் விநோதம்.

பாட நூல்களில் 12 டென்ஸ் இருந்தாலும் 8க்குத்தான் பாஸிவ் சொல்லித் தருவார்கள். மிச்சம் 4, அதாவது ஃப்யூச்சர் கன்டினியூவஸும் மூன்று பெர்ஃபெக்ட் கன்டினியூவஸும், இல்லாமலில்லை, நம் ஃபார்முலாவின்படி "வில் பி பீயிங் ஈட்டன்", "ஹாஸ் பீன் பீயிங் ஈட்டன்" என்று வரும். சொல்லிப் பாருங்கள், நாக்கு மடங்கும். அதனால்தான் யாரும் அவற்றைச் சீண்டுவதில்லை.

எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறும்போது பிரதிப்பெயர்கள் உடை மாற்றிக்கொள்ளும் என்பதை மறக்க வேண்டாம். ஐ என்பது 'மீ', ஹி என்பது 'ஹிம்', தே என்பது 'தெம்'. "பை ஐ", "பை ஹி" என்று எழுதுவது நாம் "என்னால்" என்பதற்குப் பதில் "நானால்" என்று சொல்வது போலத்தான், கேட்டாலே கூசும். வினையும் புது எழுவாயைப் பார்த்துத்தான் ஒருமை பன்மை ஆகும்: "மீனா ரீட்ஸ் புக்ஸ்" மாறும்போது "புக்ஸ் ஆர் ரெட் பை மீனா". மீனா ஒருத்திதான், ஆனால் நாற்காலியில் இப்போது இருப்பது புத்தகங்கள்.

சரி, எதை மாற்ற முடியாது? படுபவன் யாரும் இல்லாத வாக்கியத்தை. தூங்கு, வா, போ, இற, நிகழ் மாதிரி செயப்படுபொருள் குன்றிய வினைகளுக்குப் பாஸிவ் கிடையாது, நாற்காலியில் உட்கார வைக்க ஆள் வேண்டாமா? இது தெரிந்தும் நம்மவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் பிழை "தி ஆக்ஸிடென்ட் வாஸ் ஹாப்பன்ட்". 'ஹாப்பன்' செயப்படுபொருள் ஏற்காத வினை, எனவே "தி ஆக்ஸிடென்ட் ஹாப்பன்ட்" மட்டும்தான். "ஹி வாஸ் டைட்" என்பதும் அப்படியே.

செயப்படுபொருள் இருந்தும் மாறாத சில உண்டு. "ஐ ஹாவ் எ பைக்" என்பதை "எ பைக் இஸ் ஹாட் பை மீ" என்று யாரும் சொல்வதில்லை. ஹாவ், ரிஸெம்பிள், லாக், காஸ்ட், அளவு பொருந்துவதைச் சொல்லும் ஃபிட், இவையெல்லாம் செயல்கள் இல்லை, நிலைகள். யாரும் யாருக்கும் எதையும் செய்யவில்லை, அதனால் படுவதற்கும் ஒன்றும் இல்லை.

வினைக்குப் பின்னால் இரண்டு செயப்படுபொருள் வந்தால் இரண்டு விடையும் சரி. "ஷி கேவ் மீ எ புக்" என்பது "ஐ வாஸ் கிவன் எ புக் பை ஹெர்" ஆகலாம், "எ புக் வாஸ் கிவன் டு மீ பை ஹெர்" என்றும் ஆகலாம். முதலாவதுதான் ஆங்கிலத்தில் இயல்பு. இங்கே தமிழ் நம்மைக் கொஞ்சம் தடுக்கும், ஏனென்றால் நாம் "நான் ஒரு புத்தகம் கொடுக்கப்பட்டேன்" என்று சொல்வதே இல்லை, "எனக்கு" என்றுதான் தொடங்குவோம். ஆனால் இதைப் பழகிக்கொண்டபின் சிலர் எல்லை தாண்டிப் போய் "ஐ வாஸ் எக்ஸ்ப்ளெய்ன்ட் தி ப்ராப்ளம்" என்று எழுதுகிறார்கள், அலுவலக மின்னஞ்சல்களில் இதை நான் பார்க்காத வாரம் இல்லை. அது தவறு. ஆக்டிவில் "எக்ஸ்ப்ளெய்ன்ட் மீ" என்று சொல்ல முடியாது, "எக்ஸ்ப்ளெய்ன்ட் டு மீ" என்றுதான் வரும். 'டு' இல்லாமல் நேராக வினைக்குப் பின்னால் நிற்கக்கூடியவர்தான் நாற்காலிக்கு வரலாம். ஆகவே "தி ப்ராப்ளம் வாஸ் எக்ஸ்ப்ளெய்ன்ட் டு மீ". 'சஜெஸ்ட்' என்ற வினைக்கும் இதே கட்டுப்பாடு.

வினையோடு ஒட்டிய சின்னச் சொல்லை வழியில் தொலைத்துவிடாதீர்கள். "தே லாஃப்ட் அட் ஹிம்" மாறினால் "ஹி வாஸ் லாஃப்ட் அட் பை தெம்". 'அட்'டும் 'பை'யும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து ஏதோ தப்பு என்று பயந்து ஒன்றை அடித்துவிடுகிறார்கள். தப்பில்லை, அப்படித்தான் நிற்கும். "லுக் ஆஃப்டர்", "டேக் கேர் ஆஃப்" எல்லாம் ஒரே வினையாகக் கருதி முழுசாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டியவை.

கேள்வி வாக்கியம் வந்தால் பலர் 'டிட்', 'டஸ்' என்பதை வைத்துக்கொண்டு தவிப்பார்கள். அதை விட்டுவிடுங்கள், 'பி' வந்தபின் அதற்கு வேலை இல்லை. "டிட் ஹி பிரேக் தி கிளாஸ்?" என்பதில் 'டிட்' இறந்தகாலம் காட்டத்தான் வந்தது, அந்த வேலையை 'வாஸ்' எடுத்துக்கொள்ளும்: "வாஸ் தி கிளாஸ் ப்ரோக்கன் பை ஹிம்?" முதலில் சாதாரண வாக்கியமாக மனதுக்குள் மாற்றிவிட்டு, பிறகு 'பி'யை முன்னால் இழுத்தால் தப்பே வராது. 'ஹூ'வில் தொடங்கினால் தேர்வுக்கு "பை ஹூம் வாஸ் திஸ் ப்ரோக்கன்?" என்று எழுதுங்கள், பேச்சில் "ஹூ வாஸ் திஸ் ப்ரோக்கன் பை?" என்பார்கள்.

கட்டளை வாக்கியங்களுக்கு 'லெட்' போடச் சொல்வார்கள். "க்ளோஸ் தி டோர்" என்பது "லெட் தி டோர் பி க்ளோஸ்ட்". உண்மையைச் சொன்னால் வீட்டில் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள், கதவுக்கு அரசாணை பிறப்பிப்பது போல இருக்கும். ஆனால் கேள்வித்தாளில் கேட்டால் இதுதான் விடை. "ப்ளீஸ்" இருந்தால் "யூ ஆர் ரிக்வெஸ்டட் டு" என்று தொடங்குங்கள், அறிவுரை என்றால் "யூ ஆர் அட்வைஸ்ட் டு". இவை இரண்டிலும் 'ப்ளீஸ்' என்ற சொல் மறைந்துவிடும், வினை மூன்றாம் வடிவம் ஆகாது.

"தே மேட் ஹிம் வெயிட்" என்பதில் ஒரு சின்னப் பொறி உண்டு. ஆக்டிவில் இல்லாத 'டு' பாஸிவில் முளைக்கும்: "ஹி வாஸ் மேட் டு வெயிட்". பார்த்தார்கள், கேட்டார்கள் என்பவற்றுக்கும் இப்படியே, "ஹி வாஸ் சீன் டு க்ராஸ் தி ரோட்".

"தே ஸே தட் ஹி இஸ் ரிச்" போன்றவற்றை இரண்டு விதமாக மாற்றலாம். "இட் இஸ் ஸெட் தட் ஹி இஸ் ரிச்" என்பது எளிது, மதிப்பெண்ணுக்குப் போதும். "ஹி இஸ் ஸெட் டு பி ரிச்" என்பது கொஞ்சம் நயமானது, செய்தித்தாள் ஆங்கிலம் இதை விடவே விடாது. பணக்காரனாக இருந்தான் என்று பழைய கதையாகச் சொல்ல வேண்டுமானால் "ஹி இஸ் ஸெட் டு ஹாவ் பீன் ரிச்".

எல்லா இடத்திலும் 'பை' போட வேண்டும் என்பதும் இல்லை. கருவியைச் சொல்லும்போது 'வித்' வரும்: கதவு ஒரு சாவியால் திறக்கப்பட்டது என்றால் "வித் எ கீ", மீனாவால் திறக்கப்பட்டது என்றால் "பை மீனா". தமிழில் இரண்டுக்கும் 'ஆல்' ஒன்றே என்பதால் நமக்கு இங்கே இடறும். 'நோன் டு', 'இன்ட்ரஸ்டட் இன்', 'ஃபில்ட் வித்', 'மேரிட் டு' போன்றவை கேட்டுக் கேட்டுப் பழக வேண்டியவை, இவற்றில் பாதி உண்மையில் பெயரடை ஆகிவிட்ட சொற்கள். அப்புறம், செய்தவர் 'சம்ஒன்', 'பீப்பிள்', 'தே' என்று மொட்டையாக இருந்தால் 'பை'யோடு அவரையும் விட்டுவிடலாம், விடுவதே அழகு.

ஒன்று பாஸிவா இல்லையா என்று 'வாஸ்' இருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். "ஹி வாஸ் ரன்னிங்" பாஸிவ் இல்லை. 'பி'யும் அதற்குப் பின்னால் மூன்றாம் வடிவமும் சேர்ந்து இருக்க வேண்டும். சேர்ந்திருந்தாலும் சந்தேகம் வரும் இடங்கள் உண்டு: "தி டோர் இஸ் க்ளோஸ்ட்" என்றால் கதவு மூடியிருக்கிறது என்ற நிலையாகவும் இருக்கலாம், தினமும் 9 மணிக்கு மூடப்படுகிறது என்ற செயலாகவும் இருக்கலாம். பக்கத்து வார்த்தைகள்தான் சொல்லும்.

மாற்றுவது எப்படி என்பதைவிட எதற்கு என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி, பாட நூல்கள் அவசரமாகக் கடந்துபோவதும் இதைத்தான். தமிழில் மானைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம், அதையே முன்னால் வைக்க வேண்டும் என்றால் "மானைப் புலி தின்றுவிட்டது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். 'ஐ' உருபு இருப்பதால் யார் யாரைத் தின்றார்கள் என்ற குழப்பம் வராது. ஆங்கிலத்தில் அந்த உருபு இல்லை, முன்னால் நிற்பவர்தான் எழுவாய், சொற்களை வெறுமனே இடம் மாற்றினால் மான் புலியைத் தின்றுவிடும். படுபவனை முன்னால் கொண்டுவர அவர்களுக்கு இருக்கும் முக்கியமான கதவு பாஸிவ். செய்தவர் யார் என்று தெரியாதபோது நாம் "பைக்கைத் திருடிட்டாங்க" என்கிறோம், அந்த 'ஆங்க' யாரென்று யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு "மை பைக் வாஸ் ஸ்டோலன்" என்பதே இயல்பு. அதனால்தான் நம் பேச்சுத் தமிழில் 'படு' அவ்வளவாக எட்டிப்பார்ப்பதில்லை, ஆங்கிலப் பேச்சில் பாஸிவ் சர்வசாதாரணம். "பாஸிவே எழுதாதே" என்று அறிவுரை சொல்பவர்களை அப்படியே நம்ப வேண்டாம். ஆய்வுக் கட்டுரையில் கரைசல் சூடாக்கப்பட்டது என்பதுதான் முக்கியம், சூடாக்கியவர் யார் என்பதல்ல.

அதே வசதியை ஒளிந்துகொள்ளவும் பயன்படுத்தலாம் என்பதும் உண்மை. அமெரிக்க அதிபர் யூலிசிஸ் கிராண்ட் 1876இல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய கடைசி ஆண்டறிக்கையில் "மிஸ்டேக்ஸ் ஹாவ் பீன் மேட்" என்று எழுதினார், தவறுகள் செய்யப்பட்டிருக்கின்றன என்று. 1987இல் இன்னொரு அதிபரான ரானல்ட் ரேகன், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தைப் பற்றி நாடாளுமன்ற உரையில் பேசும்போது "சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்" என்றார். இருவருமே 'பை' போடவில்லை.

பாஸிவிலிருந்து ஆக்டிவுக்குத் திரும்பும்போது இதே சிக்கல் உங்களுக்கும் வரும். 'பை' இருந்தால் அவரைத் தூக்கி முன்னால் வைத்து, 'பி' எந்த வடிவத்தில் இருந்ததோ அந்த வடிவத்தை முக்கிய வினைக்குக் கொடுத்துவிட்டு, 'பி'யை வெளியே அனுப்பிவிடலாம்: "ஹாஸ் பீன் ஈட்டன்" என்பதில் 'பீன்' மூன்றாம் வடிவம், ஆக "ஹாஸ் ஈட்டன்". 'பை' இல்லையென்றால் செய்தவரை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். "தி தீஃப் வாஸ் அரெஸ்டட்" என்றால் கைது செய்தது காவல்துறை, அதைத் தயங்காமல் எழுதலாம். ரேகனுடைய வாக்கியத்தைக் கொடுத்து மாற்றச் சொன்னால் 'சம்ஒன்' என்று தொடங்குங்கள். மதிப்பெண் கொடுத்துவிடுவார்கள்.